சாமிக்கும் சேராத, சர்க்காருக்கும் சேராத ஒரு பேண்ட்

பெண் பார்க்க ஆரம்பித்து வருஷக்கணக்கில் முடிவெடுக்காதவர்களை எனக்குத் தெரியும். மனை வாங்க அலைந்து அலைந்து கடைசியில் வாடகை வீட்டிலேயே நிம்மதியாகத் தங்கிவிட்டவர்களையும் தெரியும். ஆனால் ஒரே ஒரு பேண்ட் எடுப்பதற்காக ஒரு முழுக் குளிர்காலத்தையே காலி செய்த மனிதர் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் கியர் சார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. தர்மபுரியில் நான் வேலை பார்த்த ஆபீசில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். குடியிருப்பும் ஒரே காம்பவுண்டில். அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் ஒரு பாதிச் சுவர்தான். அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாரென்றால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கியர் வைத்த மலை சைக்கிள் ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து உலகத்தில் எல்லாமே அவருக்குக் கியராகிவிட்டது. "மேனேஜர் இன்னைக்கு டாப் கியர்ல இருக்காருங்க தம்பி, லீவு கீவு கேட்டுராதீங்க" என்பார். சாம்பாரில் காரம் தூக்கலாக இருந்தால், "ரெண்டு கியர் எறக்கியிருக்கலாம்" என்பார். நாங்களும் பெயரை மாற்றிவிட்டோம்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு மலை சைக்கிள் எதற்கு? உடம்பு இளைக்க இல்லை. அவர் உடம்பில் இளைப்பதற்கு ஒன்றுமே கிடையாது. இரண்டு கால், மேலே ஒரு மீசை, அவ்வளவுதான். பெண்டாட்டியைப் பார்க்கத்தான் வாங்கினார்.

அவர் சம்சாரம் கிராம சுகாதார நர்ஸ். ஐப்பசி பிறந்ததும் அந்த அம்மாவுக்கு வத்தல்மலைக்கு மாற்றல் வந்துவிட்டது. மேலேயே குவார்ட்டர்ஸ். மாதம் ஒரு தடவை மீட்டிங்குக்கு மட்டும்தான் கீழே இறங்க முடியும். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல் நாலு நாள் பிரிந்திருக்காத ஜோடி அது. மகன் ஓசூரில் வேலையாக இருந்தான். ஆக, வீட்டில் இவர் மட்டும். நர்ஸம்மா திட்டாமல் கியர் சாருக்குச் சோறு இறங்காது. நர்ஸம்மாவுக்குப் பிறந்த ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம். பிறந்த வீட்டில் பேசுகிற பாஷை கன்னடம். சாதாரணக் கோபம் தமிழில் வரும், நிஜக் கோபம் கன்னடத்தில் வரும். "நேத்து ராத்திரி தமிழ்லயே முடிஞ்சிருச்சுங்க" என்று பாதிச் சுவரில் சந்தோஷமாகச் சொன்ன மனிதர் அவர்.

மலைக்குத்தான் பஸ் போகிறதே என்பீர்கள். போகிறது. ஆனால் கியர் சாருக்கும் பஸ்ஸுக்கும் சேராது. ஓடுகிற பஸ் மட்டுமில்லை, ஸ்டாண்டில் சும்மா நிற்கிற பஸ்ஸில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். சட்டைப்பையில் எலுமிச்சம்பழம், பேண்ட் பையில் பாலிதீன் கவர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். கொண்டை ஊசி வளைவு என்ற வார்த்தையை யாராவது சொன்னால், ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்புவார். முதல் வாரம் தைரியமாக மலை பஸ்ஸில் ஏறினார். மூன்றாவது வளைவில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. மீதிய நடந்து வந்துருங்க. பஸ்ஸைக் கழுவ மேல தண்ணி கெடையாதுங்க."

பைக் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து போனாலும் அதே கதைதான். சைக்கிளில் மட்டும், தானே மிதித்துக்கொண்டு போனால், வயிறு வாயைத் திறக்கவில்லை. எனவே சைக்கிள்.

சைக்கிள் விற்ற கடைக்காரர் கூடவே ஒரு டவுசரையும் தள்ளிவிட்டிருந்தார். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த, தோலோடு ஒட்டிக்கொள்கிற அரைக்கால் டவுசர். "இதப் போட்டாத்தான் சார் சைக்கிளே நகரும்" என்று சொல்லியிருக்கிறார். நம்ம ஆளும் நம்பி, முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். ஏறிய மனிதர் நேராக எங்கே போய் நின்றார்? குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம் நடந்துகொண்டிருந்த இடத்தில். ஊசிக்கு வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் இவரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டன. தாய்மார்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். ஒரு கிழவர் மட்டும் திரும்பாமல் பக்கத்திலேயே வந்து பார்த்துவிட்டு, "பாதித் துணி வழியில புலி கிலி புடிச்சுக் கிழிச்சிருச்சுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தாராம்.

நர்ஸம்மா அவரைக் கையைப் பிடித்துக் குவார்ட்டர்ஸுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏங்க, நான் இந்த ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆவல. இப்பத்தான் இவங்க என்னை நம்பிக் கொழந்தையத் தூக்கிக்கிட்டு வராங்க. நீங்க இப்படித் தொடையக் காட்டிக்கிட்டு வந்து நின்னா நாளைக்கு என் பேச்ச யாரு கேப்பாங்க?" இதுவரை தமிழ். மீதி கன்னடம்.

திட்டிக்கொண்டே அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஐஸ்கட்டி மாதிரி இருந்திருக்கிறது. திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டார். திட்டிக்கொண்டே தன் கட்டிலில் இருந்த போர்வையை, காப்பிக்கொட்டை நிறத்திலும் வெள்ளையிலும் கட்டம் போட்ட கெட்டிப் போர்வை, எடுத்து இவர் இடுப்பில் சுற்றிவிட்டார். அப்புறம் தீர்ப்பு வந்தது.

"கணுக்கால் வரைக்கும் மூடுன, குளிர் தாங்குற, நாலு பேரு பாத்தா மரியாதையா இருக்குற பேண்ட் ஒண்ணு எடுத்துக்கிட்டு மலை ஏறுங்க. அது வரைக்கும் நான் மாசா மாசம் மீட்டிங்குக்கு எறங்கி வரும்போது பாத்துக்கலாம்."

"மாசம் ஒருக்கா, தம்பி" என்று அன்று சாயங்காலம் பாதிச் சுவரில் நின்று சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. இடுப்பில் அந்தப் போர்வையை இன்னும் அவிழ்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பேண்ட் வேட்டை அடுத்த நாளே தொடங்கியது. துணைக்கு நான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. சேல்ஸ்மேன் டேப்பை எடுத்துக்கொண்டு, "இடுப்பு எவ்வளவுங்க சார்?" என்று கேட்டார்.

"இடுப்பு கெடக்கட்டும். நான் சொல்றத மொதல்ல கேளுங்க. மலை ஏறும்போது ஒடம்பு அடுப்பு மாதிரி. வேர்த்து ஊத்தும். எறங்கும்போது ஐஸ் பொட்டி. அந்த வேர்வையே காத்துபட்டு ஒறஞ்சிரும். அதனால ஏறும்போது காத்து உள்ள வரணும், எறங்கும்போது வரக் கூடாது. முட்டி நல்லா மடங்கணும். கால் கீழ செயின்ல மாட்டக் கூடாது. குனிஞ்சா முதுகுப் பக்கம் தெரியக் கூடாது. முக்கியமா, எங்க வூட்டம்மாவுக்குப் புடிக்கணும்."

சேல்ஸ்மேன் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தக் கடையில் வெள்ளை விரிப்பு விரித்த மெத்தையில்தான் பட்டுப்புடவைகளைப் பிரித்துக் காட்டுவார்கள். ஒரு கல்யாண கோஷ்டி முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டிருந்தது. டிரையல் ரூமிலிருந்து புதுப் பேண்ட்டோடு வெளியே வந்த கியர் சார், நேராக அந்த மெத்தையின் ஒரு ஓரத்தில் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலையும் தூக்கி ஆகாயத்தில் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாணக் கூட்டம் புடவையை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. கல்யாணப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "இப்ப செங்குத்து ஏத்தம்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு அழுத்து அழுத்தினார். டர்ர்ர் என்று நடுவில் கிழிந்தது.

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். கோபப்படவில்லை, மன்றாடினார். "சார், அது ஆபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போற பேண்டுங்க. அத வச்சுக்கிட்டு இந்த வேலையெல்லாம் பண்ணக் கூடாதுங்க."

கிழிந்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்து ஜீன்ஸ். முட்டி மடங்கவில்லை, பனியில் நனைந்தால் காய்வேனா என்றது. அடுத்து டிராக் பேண்ட். அது காற்றைத் தடுப்பதற்குப் பதிலாக வடிகட்டி அனுப்பியது. நாலு ரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் வலது காலை செயின் கவ்விவிட்டது. வீடு திரும்பியபோது இடது காலில் முழுப் பேண்ட், வலது காலில் அரைப் பேண்ட்.

கடைசியில் ஆன்லைனில் தேடிப் பிடித்தார். மலை சைக்கிள்காரர்களுக்கென்றே, குளிருக்கென்றே செய்த பேண்ட். முட்டியில் மடிப்பு வைத்துத் தைத்தது. உள்பக்கம் பூனை முதுகு மாதிரி மெத்தென்று இருக்கும். கணுக்காலில் இறுக்கிக்கொள்ளப் பட்டை. தொடையில் ஜிப் வைத்திருந்தார்கள். ஏறும்போது திறந்தால் காற்று, இறங்கும்போது மூடினால் கதகதப்பு. கேட்டதெல்லாம் இருந்தது. ஒரே நிறத்தில்தான் வந்தது, கறுப்பு. பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒரு கறுப்பு ஸ்வெட்டரும் சேர்த்து வரவழைத்தார். செய்தி போனில் மலைக்குப் போனது. "பேண்ட் கெடச்சிருச்சு. முழுசா மூடுது. ஞாயித்துக்கெழம வரேன்." நர்ஸம்மாவுக்கும் சந்தோஷம்தான். நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைப்பதாகவும், என்னையும் கூட்டி வரச் சொல்லியும் பதில் வந்தது.

கறுப்பு என்பதை அவரும் சொல்லவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை. அது கார்த்திகை மாதம் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை நான் கடத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு, மறுநாள் அங்கிருந்து வந்த வேகத்திலேயே மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பார்சல் பிரித்ததை நான் பார்க்கவில்லை. கியர் சாரோ இருட்டோடு கிளம்பியிருந்தார். கறுப்பு பேண்ட், கறுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், குளிர்ந்த தண்ணீரில் சவரம் செய்யச் சோம்பல்பட்டு வளர்ந்திருந்த தாடி. அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி, "மாஸ்டர், ஒரு டபுள் ஆம்லேட்" என்றார்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி, விளையாடாதீங்க சாமி."

"ஏங்க, முட்டை இல்லீங்களா?"

"முட்டை இருக்குதுங்க சாமி. மாலை போட்டுட்டு இப்படிக் கேக்கலாமா? நான் குடுத்தா அந்தப் பாவம் எனக்கில்ல வந்து சேரும்?" என்று சொல்லி, டம்ளரைப் புதிதாகக் கழுவி ஒரு பால் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"நான் மாலையெல்லாம் போடலீங்க" என்று மஃப்ளரை அவிழ்க்கப் போனாராம் நம்மவர். அதற்குள் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து கும்பிட்டுவிட்டார்கள். செருப்பில்லாமல் போக வேண்டிய சாமி ஷூ போட்டிருக்கிறதே என்று ஒருத்தர் கேட்க, "காலு வெடிப்பா இருக்கும், பாவம்" என்று இன்னொருத்தரே சமாதானமும் சொல்லிவிட்டார். வழியெல்லாம் இதே கதை. எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். ஒரு வளைவில் கைக்குழந்தையோடு நின்ற பெண், "சாமி, கொழந்தைக்கு ராத்திரி பூரா இருமலு" என்று அதன் தலையை நீட்டியது. என்ன செய்வார்? தலையில் கை வைத்துவிட்டு, "மேல நர்ஸம்மாகிட்ட காட்டுங்க, மருந்து தருவாங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

மேலே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலிலேயே குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. "வாங்க தம்பி, கோழி இன்னும் கொஞ்சம் வேகணும். அதுக்குள்ள காப்பித் தோட்டத்தைச் சுத்திப் பாத்துட்டு வாங்க" என்றார் நர்ஸம்மா. நானும் கோழியை நினைத்துக்கொண்டே காப்பிச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தால், வீடு கழுவி ஈரமாக இருக்கிறது. சாம்பிராணிப் புகை. அடுப்பில் சட்டி இல்லை. நர்ஸம்மா தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு தயிர்ச்சோற்றுக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, கோழி?"

"நீங்களாச்சும் ஒரு வார்த்தை போன்ல சொல்லக் கூடாதா தம்பி? கீழ் வளைவுல வரும்போதே பாத்துட்டேன், கன்னங்கரேல்னு வராரு. நல்லவேளை, பாத்தேன். சட்டியோட தூக்கிப் பக்கத்து வூட்டுல குடுத்துட்டு, வூடு வாசலெல்லாம் கழுவிவுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கியர் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அந்த மலை உச்சியில், அந்தக் குளிரில், அந்தத் தாடியோடு பார்த்தபோது ஒரு நிமிஷம் எனக்கே கை கும்பிடப் போய்விட்டது. நர்ஸம்மா கும்பிட்டே விட்டார். கட்டின புருஷனை.

"மாலை போட்டது நல்லதுதாங்க. ஆனா பொண்டாட்டிகிட்ட சொல்லாம போடுவாங்களா?"

"மாலையா?" கியர் சார் பேண்ட்டைப் பிடித்துக் காட்டினார். "இது சைக்கிள் பேண்டு! தொடையில பாரு, ஜிப்பு!"

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து எலும்பு கடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கொடுத்த குழம்பைத் திருப்பிக் கேட்க முடியுமா? நாங்கள் மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் தயிர்ச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கழுவிய சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "அருமைங்க நர்ஸம்மா. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட" என்றார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் பைல்கள் ஓரம் போயின. எந்த நிறம் என்பதே பேச்சு. அப்போதுதான் எங்களுக்கு ஒரு உண்மை தெரிந்தது. நம் ஊரில் குளிர்காலத்தில் எந்த நிறமும் சும்மா இல்லை. நீலமா, அதுவும் ஐயப்பனுக்குத்தான். பச்சை போட்டால் பழனிக்குப் பாதயாத்திரை. சிவப்பு அம்மனுக்கு. காவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "வெள்ளை?" என்றார் ஒருவர். "வெள்ளையில போனா ரோடு எப்ப போடுவீங்கன்னு மனு குடுப்பாங்க" என்றார் இன்னொருவர். சாம்பல் நிறத்தில் ஆடிட்காரர்கள்தான் வருவார்கள் என்று மேனேஜரே பயந்தார். சாமிகள் எடுத்தது போக மீதி நிறத்தை டிபார்ட்மெண்ட்டுகள் எடுத்துக்கொண்டிருந்தன.

கியர் சார் யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். எந்தச் சாமிக்கும் இல்லாத நிறம், அழுக்கும் தெரியாது என்று காக்கியில் வேறு கம்பெனிப் பேண்ட் ஒன்று வரவழைத்தார். தாடியை எடுத்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, கம்பீரமாக மலை ஏறினார். நடுவழியில் தலையில் விறகுக் கட்டோடு எதிரே வந்த ஒருவர் இவரைப் பார்த்தார். அவ்வளவுதான். கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டுப் புதருக்குள் மறைந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இங்கே விஷயம் புரிந்திருக்கும். நம்மவர் புதரைப் பார்த்து, "ஏங்க, வெறகை வுட்டுட்டுப் போறீங்களே!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பாவம், பாடுபட்டுச் சேர்த்தது வீணாகப் போகக் கூடாதே என்று கட்டைத் தூக்கி சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள் போனார். போய், காக்கிப் பேண்ட்டோடு வீடு வீடாக நின்று, "இது உங்க வெறகுங்களா?" என்று கேட்டார். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல், "இல்லீங்க ஐயா. நாங்க கேஸ் அடுப்புங்க ஐயா" என்றார்கள். கேஸே இல்லாத வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க நர்ஸம்மா வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. காட்டிலாகா அதிகாரி அங்கேதான் வந்து போகிறார் என்று மலை முழுக்கப் பேச்சு. ஊசிக்கு வர வேண்டிய குழந்தைகள் வரவில்லை, மாத்திரைக்கு வர வேண்டிய கர்ப்பிணிகள் வரவில்லை. நர்ஸம்மா வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டியதாயிற்று. போன் வந்தது. ஹலோவுக்கு அடுத்த வார்த்தையிலிருந்தே கன்னடம். பாதிச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அவர் முகத்திலிருந்து எல்லாம் புரிந்தது. கடைசியில் மட்டும் தமிழில் வந்ததாம். "உங்க பேண்டால என் வேலை கெடுது. இனிமே மலைக்கே வர வேணாம்."

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் கியர் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. சாம்பார் காரமாக இருந்தபோதும் பேசாமல் சாப்பிட்டார். அது எனக்குப் பயமாக இருந்தது. மார்கழிக் குளிரில், அந்தக் கட்டம் போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு சாயங்காலம் முழுக்க சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அவர் பேசாத அந்தச் சுவர் எனக்கு வெறும் சுவராகத் தெரிந்தது.

மீட்டிங் நாள் வந்தது. நர்ஸம்மா கீழே இறங்கி வந்தார். நான் என் வாசலில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், கேட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் கிழிந்த பேண்ட், ஒற்றைக் கால் டிராக், கறுப்பு, காக்கி எல்லாம் வரிசையாகத் தொங்கின. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் போர்வைக்குள் இருந்த புருஷனிடம் வந்து நின்றார்.

"இத இன்னுமா தொவைக்கல?"

"தொவச்சா ரெண்டு நாளைக்குக் காயாது" என்றார் கியர் சார். "ராத்திரிக்கு எனக்கு வேணுமே."

நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை. தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தப் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"போர்வையும் போச்சு, தம்பி" என்றார் கியர் சார். நான் என் போர்வையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் போர்த்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து மலை பஸ் கண்டக்டர், மூன்றாவது வளைவில் இறக்கிவிட்ட அதே ஆள்தான், ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு பேண்ட். காப்பிக்கொட்டை நிறம், வெள்ளை, கட்டம். போர்வைதான். கோழி தின்ற பக்கத்து வீட்டுக்காரரின் தையல் மிஷினில் உட்கார்ந்து நர்ஸம்மாவே தைத்திருந்தார். இடுப்புக்கு நாடா. கணுக்காலுக்கு எலாஸ்டிக். முட்டியில் தாராளமாக இடம். முதுகுப் பக்கம் ஒரு சாண் ஏற்றி வைத்திருந்தது. வெளிப்பக்கத் தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் பிளந்துவிட்டு, ஆபரேஷன் கவுனுக்கு முதுகில் இருக்குமே, அந்த மாதிரி முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொள்ள நாடாக்கள். உள்பக்கம் ஒரு மூலையில் மஞ்சள். புதுத் துணியாயிற்றே.

"ஏறும்போது அவுத்துக்கலாம், எறங்கும்போது கட்டிக்கலாம்" என்று முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் கியர் சார். ஜவுளிக்கடையில் நம்மவர் ஒப்பித்ததையெல்லாம் போனில் எத்தனை தடவை புலம்பியிருப்பாரோ, அந்த அம்மா ஒன்றையும் மறக்கவில்லை.

பார்க்க எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கட்டிலிலிருந்து எழுந்த படுக்கை தானாக நடந்து வருகிற மாதிரி இருந்தது. நாலு ரோட்டில் டிராபிக் நின்றது. ஆபீசில் ஒரு நாள் பூராவும் அவருக்கு 'பெட்ஷீட் சார்' என்று பெயர் மாறியது. அவர் கவலைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பிவிட்டார். அடிவாரத்து மாஸ்டர் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே டபுள் ஆம்லேட் போட்டுக் கொடுத்தார்.

நடு மலையில் அந்த விறகுக்காரர் எதிரே வந்தார். இந்த முறை ஓடவில்லை. கட்டைத் தலையில் வைத்தபடியே பேண்ட்டை உற்றுப் பார்த்தார். அந்தக் கட்டத்தை அவருக்குத் தெரியும். மாற்றலாகி வந்த புதிதில் வாரா வாரம் குவார்ட்டர்ஸ் கொடியில் காய்ந்த போர்வை அது. மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"நர்ஸம்மா வூட்டுக்காரருங்களா? அட, போங்க போங்க. அம்மா வளைவையே பாத்துக்கிட்டு நிக்குது."

இதை அவர் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் சுவரில் ஊன்றிய கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார். சாமி என்றார்கள், ஐயா என்றார்கள், அதிகாரி என்றார்கள். அதெல்லாம் அவருக்கு ஒட்டவே இல்லை. இது ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நானும் பஸ்ஸில் போயிருந்தேன். கோழிக்குழம்பு எங்கள் மூன்று பேருக்கும் முழுசாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். உப்பு சரியாக இருந்ததாகச் சொன்னார்.

இரண்டு குளிர்காலம் அப்படி ஏறி இறங்கினார். அப்புறம் நர்ஸம்மாவுக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. இருவரும் மாரண்டஹள்ளிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நானும் ஊர் மாறிவிட்டேன். எப்போதாவது போனில் பேசுவோம். "முட்டியில தேஞ்சிருச்சு தம்பி. ஒட்டுப் போட்டுக் குடுத்திருக்குது. இங்க மலையும் இல்ல, பிரிவும் இல்ல. சும்மா காலையில பால் வாங்கப் போறப்ப போட்டுக்கறது" என்றார். பின்னாலிருந்து ஏதோ கன்னடத்தில் கேட்டது. கோபமாகத் தெரியவில்லை.

போன கார்த்திகையில் ஒரு வேலையாக வத்தல்மலை பஸ்ஸில் போனேன். ஒரு வளைவில் கறுப்பு பேண்ட், கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் சைக்கிளை மிதித்து ஏறிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் "சாமி சரணம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முகத்தைப் பார்த்தேன். யாரோ ஒரு வாலிபர். கியர் சார் இல்லை. அவர் எப்படி இங்கே இருப்பார்? தெரிந்தும் பார்த்தேன்.

"தம்பி, மேல உங்களுக்காக யாராச்சும் கோழி அடிச்சு வச்சிருந்தா மொதல்ல ஒரு போன் பண்ணிருங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பி என்னை முறைத்தது. நான் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டேன். அந்த மலையில் எனக்கு அவ்வளவு குளிர்ந்தது அன்றைக்குத்தான்.